வயிற்றில் நின்ற இரண்டு லிட்டர்

என் பாடைக்கு மூங்கில் பேசி முடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் பிழைத்தேன். இதைச் சொன்னால் பீங்கான் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "அப்புறம் என்னா ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லு அஞ்சல" என்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறேன், கையெழுத்தும் மோசமில்லை. எழுதி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும். மூத்தாரும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். எங்கள் வீட்டு வழக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் நிற்கக் கூடாது, நேரே ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவரும் அவளிடம் பேச மாட்டார். சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "சோறு ஆச்சான்னு கேளுப்பா" என்பார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆச்சுன்னு சொல்லுங்க" என்பேன். நடுவில் என் வீட்டுக்காரர் ராமலிங்கம் இருப்பார். அவர் இல்லாத நேரத்தில் என் மகள் மல்லிகா இருப்பாள். ஒருவருமே இல்லாவிட்டால் இரண்டு பேரும் பூனையிடம் சொல்லிவிட்டுப் போவோம். பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இப்படித்தான் ஓடியது. மூத்தார் கெட்டவர் இல்லை. அப்பா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஆனால் அவர் ஒன்று முடிவு செய்துவிட்டால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டை வந்து சில வருஷத்திலேயே நான் அச்சு ஊற்றப் போனேன். மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். பிளாஸ்டர் காய்ந்து கிடக்கும், கூழில் தண்ணீர் இருக்கும். அச்சு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் ஓரத்தில் தோல் கட்டி நிற்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே குதிரையோ யானையோ இருக்கும். அதிக நேரம் விட்டால் தோல் தடிக்கும், சீக்கிரம் கவிழ்த்தால் மெலியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால்தான் நான் கெட்டேன்.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு முந்திரித் தோப்பு வழியாக வரும்போது சருகுக்குள் கிடந்த கண்ணாடி விரியனை மிதித்துவிட்டேன். கணுக்காலில் போட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். கால் வீங்கி வெடித்துவிடும் போலிருந்தது, ஈறெல்லாம் ரத்தம் கசிந்தது. மூன்று நாளில் கசிவு நின்றது. பிழைத்துவிட்டாள் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் நான் ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை.

படிக்கக் கூச்சமாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கதையே மூத்திரத்தைப் பற்றியதுதான்.

முகம் வீங்கியது. விக்கல் நிற்கவில்லை. சோற்று வாசனை பட்டாலே வாந்தி வந்தது. இங்கே இனி முடியாது என்று சொல்லிப் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாடகைக் காரில் பின்சீட்டில் படுக்க வைத்து ராமலிங்கம் கூட்டிப் போனார். வெளியே பெஞ்சில் பாதி நாள் காத்திருந்தோம். பக்கத்தில் காத்திருந்த ஒரு மீனவப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முறையை எங்களுக்கு விட்டுக் கொடுத்தாள். அவள் பேரைக் கேட்காமல் வந்துவிட்டேன் என்று இப்போதும் எனக்கு வருத்தம்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர் இருப்பார். "ரத்தத்துல யூரியா ரொம்ப ஏறியிருக்கும்மா" என்றார்.

"வயலுக்குப் போடுறமே, அந்த யூரியாவா சார்?" என்று ராமலிங்கம் கேட்டார்.

"அதேதாங்க. உடம்பு தானாவே அதைச் செய்யுது. சிறுநீரகம் அன்னன்னைக்கு வெளியே அனுப்பிடும். இப்ப பாம்பு விஷத்துல சிறுநீரகம் வேலையை நிறுத்திட்டுது. சாகல, மயங்கிக் கெடக்குது. பத்து நாளோ இருபது நாளோ, எழுந்துக்கும். அது வரைக்கும் அதோட வேலையை நாம பார்க்கணும்."

"எழுந்துக்கலன்னா?" என்று நான் கேட்டேன்.

"பெரும்பாலும் எழுந்துக்கும்மா."

அந்தப் 'பெரும்பாலும்' எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகத் துளைத்து, பென்சில் கனத்துக்கு ஒரு குழாயைச் செருகினார்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டில் நிறைய மருந்துத் தண்ணீரை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார்கள். மொத்தம் இரண்டு லிட்டர். எட்டு மாசக்காரி மாதிரி வயிறு எழும்பியது. குழாயைக் கவ்வி போட்டு அடைத்துவிட்டு அரை மணி விட்டார்கள். பிறகு கவ்வியை எடுத்ததும் தண்ணீர் கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலில் இறங்கியது. வைக்கோல் நிறத்தில் இருந்தது. உடனே புதுசாக இரண்டு லிட்டர். இப்படி இராப்பகலாக நாற்பது தடவைக்கு மேல் ஆகும் என்றார்கள்.

இதற்கும் ரத்தத்தில் இருக்கிற யூரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றை என் வயிற்றுக்குள் விட நான் சம்மதிப்பேனா? டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். குடலை மூடிக்கொண்டு ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அதற்குள் மயிரைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றனவாம். ரத்த அணு மாதிரிப் பெரிய சாமானை அந்தச் சவ்வு விடாது. யூரியா மாதிரிப் பொடியை விட்டுவிடும்.

"ரத்தத்துல யூரியா நெறைய. நான் விடுற தண்ணியில யூரியாவே கெடையாது. நெறைய இருக்குற பக்கத்துலேர்ந்து இல்லாத பக்கத்துக்கு அது தானா வரும்மா. யாரும் தள்ள வேணாம், இழுக்க வேணாம். ஊதுபத்தியை ஒரு மூலையில வெச்சா வூடு பூரா மணக்குது இல்ல, அந்த மாதிரி. நீங்க இழுக்குற மூச்சும் இப்பிடித்தான் ரத்தத்துக்குள்ள போவுது. ஒடம்புல ஒவ்வொரு செல்லோட சுவர் வழியாவும் இப்பிடித்தான் பல சாமான் போக்குவரத்து நடக்குது."

"எதுக்கு சர்க்கரைத் தண்ணி? பாட்டில்ல போட்டிருக்குதே."

"மாங்காய்ல உப்புப் போட்டா என்னா ஆவுது?"

"தண்ணி விடும்."

"உப்பு பண்ற வேலையை இங்க சர்க்கரை பண்ணுது. உங்க ஒடம்புல தேங்கிக் கெடக்குற தண்ணி அந்தப் பக்கம் வந்துடும். வீக்கம் வடியும்."

எனக்கு ஒரே சந்தோஷம். "எங்க பிளாஸ்டர் அச்சு மாதிரிதான் சார்" என்று சொல்லி, அச்சு கூழிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்று சொல்லி எழுந்து போனார். அந்தக் 'கிட்டத்தட்ட'வை நான் காதில் வாங்கவில்லை.

ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். பங்குனி வெயில். ராமலிங்கம் துணியை நனைத்து என் உதட்டில் ஒற்றி எடுப்பார். அவர் தண்ணீர் குடிக்க வராந்தாவைத் தாண்டி, படியிறங்கிக் குழாயடிக்குப் போவார். என் கண்ணில் படாமல் குடிக்கத்தான் அவ்வளவு தூரம் போகிறார் என்று எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தங்கை ஆசையாக நாலு இளநீர் வாங்கி வந்தாள். வார்டு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர், சேத்தியாத்தோப்புக்காரர், அதைப் பிடுங்கி வெளியே வைத்தார். "இதுல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்குதும்மா. சிறுநீரகம் நின்ன ஒடம்புல அது ஏறினா நெஞ்சு நின்னுடும்" என்றார். தங்கை பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். கடைசியில் அவளை நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

புதன்கிழமை மூத்தார் வந்தார். வார்டு வாசலில் நின்றபடி தம்பியிடம் பேசினார். நான் கேட்க வேண்டுமென்றுதான் சத்தமாகப் பேசினார் என்று நினைக்கிறேன். "வெள்ளிக்கிழம வரைக்கும் பார்ப்போம்ப்பா. அதுக்குள்ள தேறலன்னா கார் கொண்டாந்துடறேன். உசுரு இருக்கும்போதே வூட்டுக்குக் கொண்டு போயிடணும். வெளியில செத்தா வூட்டுக்குள்ள கெடத்த முடியாது, தெருவுல கெடத்தணும். அந்தக் கேவலம் அவளுக்கு வேணாம். மூங்கில் சொல்லி வெச்சிருக்கேன்."

சொல்லப்போனால் அவர் எனக்கு மரியாதைதான் தேடினார். பிறந்த வீட்டு ஆட்கள் சூழ, வீட்டுக் கூடத்தில் கிடத்தி அனுப்ப வேண்டும் என்று நினைத்தார். ஆனால் நான் இன்னும் சாகவில்லையே. மூச்சு விடுகிறவளுக்கு மூங்கிலா? வயிறு எரிந்தது. ஒருவேளை அந்த எரிச்சலில்தான் எனக்குப் புத்தி கெட்டுப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் தேறியாக வேண்டும். அரை மணி அரை மணியாக விட்டு எடுத்தால் எப்போது தேறுவது? அச்சில் கூழை நேரம் கூட்டி விட்டால் தோல் தடிக்கிறது. அதேபோல வயிற்றில் தண்ணீரைப் பொழுதுக்கும் அப்படியே விட்டுவைத்தால் விஷம் முழுக்க ஒரே தடவையில் வந்து சேராதா? எனக்கு இது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுத் தண்ணீர் விட்டார்கள். அன்றைக்கென்று பஸ் கவிழ்ந்து அடிபட்டவர்களைக் கொண்டு வந்தார்கள், சிஸ்டர்கள் எல்லாம் அங்கே ஓடினார்கள். கவ்வியை எப்படி எடுப்பது, எப்படிப் போடுவது என்று இரண்டு நாளாகப் பார்த்து நான் கற்றுவைத்திருந்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்து, "நேரமாச்சே, எறக்கணுமே" என்றார். "இப்பதான் இன்னொரு சிஸ்டர் எறக்கிட்டுப் புதுசு விட்டுட்டுப் போனாங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். மறுபடி வந்தபோதும் அதையே சொன்னேன். ராமலிங்கத்தை மருந்து வாங்க அனுப்பிவிட்டேன். மதியம் இரண்டு மணி வரைக்கும் அந்த இரண்டு லிட்டரை வயிற்றிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு எனக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டாக்டர் ஓடி வந்து கவ்வியைத் திறந்தார். இறங்கின தண்ணீரை அளந்து பார்த்தார். உள்ளே போனது இரண்டு லிட்டர். வெளியே வந்தது ஒன்றே முக்கால்கூட இல்லை.

"மிச்சம் எங்கம்மா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அச்சுக் கணக்கைச் சொன்னேன். ஸ்டெல்லா சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் திட்டவில்லை. தலைமாட்டை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, சர்க்கரை கூடின பாட்டிலைச் சூடாக்கச் சொன்னார். பிறகு கேட்டார், "ஒரே அச்சுல காலையிலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா, நாலாவது பொம்மை எப்பிடி வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. நாலாவது பொம்மை சவசவவென்று தோலே கட்டாமல் வரும். அச்சு நனைந்து போயிருக்கும். காய்ந்த அச்சுதான் தண்ணீர் குடிக்கும், நனைந்த அச்சு குடிக்காது. வெயிலில் காய வைத்த வேறு அச்சைத்தான் எடுக்க வேண்டும். பதினோரு வருஷமாக நான் பார்க்கிற வேலை. இந்தப் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டு மற்றப் பாதியை ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

டாக்டர் அதற்குள் சொல்லிக்கொண்டே போனார். யூரியா இரண்டு பக்கமும் சமமானதும் வருவது நின்றுவிட்டது. அதற்கு மேல் எத்தனை மணி வைத்தாலும் ஒன்றும் வராது. அதோடு சர்க்கரையும் சும்மா இருக்கவில்லை, அது நிறைய இருந்த என் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குள் போய்விட்டது. சர்க்கரை போனபிறகு தண்ணீருக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? திரும்பி உடம்புக்குள்ளேயே வந்துவிட்டது. அதுதான் மூச்சை அடைத்தது. "அந்தச் சவ்வு யாரு பேச்சையும் கேக்காதும்மா. எந்தப் பக்கம் கம்மியோ அந்தப் பக்கம் போக வழி விடும், அவ்வளவுதான்" என்றார்.

நான் இப்படி மூச்சுத் திணறி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மூத்தார் வந்தார். ஒருநாள் முன்னாலேயே காரோடு வந்துவிட்டார். கட்டிலையும் குழாயையும் பார்த்தார். இனி பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு வாப்பா. பொழுது சாயறதுக்குள்ள வூடு போய்ச் சேரணும்" என்றார். ராமலிங்கம் மருந்துப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அண்ணன் சொன்ன எதையும் தட்டியே பழக்கமில்லாத மனுஷன். அவர் கால் வாசல் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.

கதவுக்குப் பின்னால் ஒளிய அங்கே கதவு இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட எனக்குக் கையில் தெம்பும் இல்லை. வயிற்றில் குழாய், மூக்கில் குழாய். நான் மூத்தார் கண்ணைப் பார்த்தேன்.

"நான் வரலீங்க மாமா" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். "என்னா சொல்லுதுன்னு கேளுப்பா" என்றார்.

"அவர எதுக்குக் கேக்கறீங்க. நான் ஒங்ககிட்டதான் சொல்றேன். இது என் தப்பால வந்த மூச்சுத் திணறல். நோவால வந்தது இல்ல. சிறுநீரகம் சாகல, மயங்கித்தான் கெடக்குதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நான் செத்தா தெருவுல கெடத்துங்க, குப்பையில வேணும்னாலும் கெடத்துங்க, அப்ப எனக்கா தெரியப்போவுது? உசுரோட இருக்குறவள எடுத்துக்கிட்டுப் போயி வூட்டுக் கூடத்துல சாவடிக்காதீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்குது."

இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை, மூச்சு ஏது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி இழுத்து இழுத்துச் சொன்னேன். மூத்தார் முகம் சிவந்து போனது. அப்போது ராமலிங்கம் மருந்துப் பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்தார். "நீங்க போயிட்டு வாங்கண்ணே. நாங்க இருந்து பார்க்கறோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

சர்க்கரை கூடின தண்ணீர் வேலையைச் செய்தது. அன்று சாயங்காலமே போனதைவிட அதிகமாக வெளியே இறங்கியது. மூச்சு லேசானது. அதற்குப் பிறகு அரை மணி ஆனதும் சிஸ்டர் மறந்தாலும் நான் மறக்காமல் கூப்பிட்டேன். சனிக்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள். ரொம்ப நாள் வைத்தால் சீழ் பிடிக்குமாம். விக்கல் நின்றிருந்தது, புத்தி தெளிந்திருந்தது. இனி சிறுநீரகம் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காவிட்டால் மறுபடி துளைக்க வேண்டும். இன்னொரு தரம் துளைத்தால் என்ன, துளைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே அப்படிச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் கருக்கென்றுதான் இருந்தது.

பாம்பு கடித்த பதிமூன்றாம் நாள் காலை, இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிஸ்டரைக் கூப்பிட்டேன். இரண்டு கரண்டி அளவு மூத்திரம், டீத்தண்ணி நிறத்தில். ஸ்டெல்லா சிஸ்டர் அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டாக்டர் வந்து பார்த்தார். ராமலிங்கத்தை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கண் கலங்கிப்போய் அந்தக் குவளையைக் கும்பிடப் போனார், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மறுநாள் அரை டம்ளர், அதற்கு மறுநாள் ஒரு சொம்பு. ஒரு வாரத்தில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் போனேன். தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்றார்கள். முதல் சொம்பை ராமலிங்கத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து குடித்தேன், அவரையும் என் எதிரிலேயே குடிக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கொல்லையில் மாட்டுக் கொட்டகையோரம் நாலு பச்சை மூங்கில் சார்த்தி வைத்திருந்தது. பாதி காய்ந்திருந்தது. மூத்தார் அங்கேதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு வாங்கினதுங்க மாமா?" என்று கேட்டேன். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் விடவில்லை. மல்லிகாவைக் கூப்பிட்டு நாலு மூங்கிலையும் கொல்லையில் நட்டு, மேலே கயிறு கட்டி, பீர்க்கங்கொடி ஏற்றிவிட்டேன். ஆடி கழிந்து நன்றாகக் காய்த்தது.

முதல் காயைப் பறித்துக் கூட்டு வைத்தேன். எனக்கு இன்னும் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் மொத்தச் சமையலும் உப்புக் கம்மிதான். அன்றைக்கு மூத்தாருக்கு நானே இலை போட்டேன். பரிமாறிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போகவில்லை. எதிரிலேயே நின்றேன். ராமலிங்கம் வேலைக்குப் போயிருந்தார், மல்லிகா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். பூனைகூட இல்லை.

"உப்பு கம்மியா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். சுவரைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, பதினாலு வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கம்மிதான்மா. ஒனக்கு ஒத்துக்கணுமில்ல, இப்பிடியே இருக்கட்டும்" என்றார்.